காருக்கு அளவெடுத்த அத்தான்

என் அத்தான் காருக்கு அடியில் கிடக்கிறார் என்று யாராவது ஓடிவந்து சொல்லியிருந்தால், எந்தப் பக்கம் சக்கரம் ஏறியது என்றுதான் கேட்டிருப்பேன். தானாகப் போய் அங்கே படுக்கிற ஆள் இல்லை அவர். தையல்காரர். காலையில் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் கடைக்குப் போய், அதே மடிப்போடு சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவர். டயர் பஞ்சரானால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, புண்ணியவான் எவனாவது வருகிறானா என்று பார்ப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முழங்கால் கிழிந்த பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படியின் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார். கையில் டார்ச் லைட்.

நான் கொழுந்தியாள். அக்காவுக்கு அடுத்தவள். அவர்கள் கீழே, நான் மாடியில். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் முன்மேசையில் உட்கார்ந்து, “கொஞ்சம் உட்காருங்க, கூப்பிடுவாங்க” என்று நாள் முழுக்கச் சொல்வது என் உத்தியோகம். அங்கே அடக்கி வாசிப்பதற்கெல்லாம் சேர்த்து வைத்து வீட்டில் பேசிவிடுவேன். உனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பாள் அக்கா. அவளுக்கு மட்டும் அது எங்கே இருக்கிறதாம்?

அத்தானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குள்ளமான மனிதர். அக்கா அவரைவிட ஒரு சாண் உயரம். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். தெருவில் அவருக்கு ‘டேப்பு’ என்றே பெயர். எங்கள் அப்பாவுக்குப் பேண்ட் தைக்க அளவெடுக்க வந்தவர்தான். முதல் தடவை இடுப்பு லூசாக இருந்தது. சரிசெய்து கொண்டுவந்தார், கால் நீளமாகிவிட்டது. அதையும் சரிசெய்தார், மறுபடி இடுப்பு பிடித்தது. இவ்வளவு மோசமான தையல்காரனை நான் பார்த்ததே இல்லை என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்தது அக்கா என்பதை அப்பா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அந்தப் பேண்ட் கடைசியில் கல்யாணத்தில்தான் முடிந்தது.

கடையில் அவர் அளவெடுக்கிற அழகைப் பார்க்க வேண்டும். டேப்பை இடுப்பில் வைத்த மறுநொடி எந்த ஆம்பளையும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வான். அந்த அளவுக்குத் தைத்தால் அவன் மூச்சு விட்டதும் பட்டன் தெறிக்கும். அதனால் அத்தான் டேப்பை வைத்துவிட்டு அளவைப் பார்க்கவே மாட்டார். “உங்க பையனுக்கு வேலை கிடைச்சிருச்சா?” என்று ஆரம்பிப்பார். நீளமாகப் பதில் சொல்லவேண்டிய கேள்வியாகப் பார்த்துத்தான் கேட்பார். அந்த ஆள் பையனைத் திட்டத் தொடங்குவான், மூச்சு வெளியே வரும், வயிறும் வெளியே வரும். அப்போதுதான் அத்தானின் கண் டேப்புக்குப் போகும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. போன வருஷம் தைத்த பேண்ட் இந்த வருஷம் ஏறவில்லை என்று யாராவது வந்து நின்றால், நீங்கள் பெருத்துவிட்டீர்கள் என்று அவர் வாயிலிருந்து வராது. “துணி சுருங்கிருச்சு சார், இப்ப வர்ற துணியெல்லாம் அப்படித்தான்” என்று சொல்லி, உள்ளே விட்டிருக்கும் துணியைப் பிரித்துவிட்டுக் கொடுப்பார். எத்தனை வருஷம்! அந்தக் கடையில் சுருங்கிய துணிக்குக் கணக்கே கிடையாது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

அந்த அக்காதான் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு போய்விட்டது. ஆபரேஷன் செய்து புது மூட்டு வைத்தார்கள். ஆபரேஷன் நன்றாக ஆனது. வீட்டுக்கு வந்த கதைதான் நன்றாக ஆகவில்லை. காரணம் எங்கள் கார்.

கார் என்றால் அத்தான் செகண்ட் ஹாண்டில் வாங்கிய கார். முந்தைய சொந்தக்காரன் ஒரு விடலைப் பையன். வண்டி தரையோடு தரையாகப் போனால்தான் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எவனோ சொல்லியிருக்கிறான், ஸ்பிரிங்கையெல்லாம் வெட்டிவிட்டிருந்தான். அத்தான் குள்ளம், அவருக்கு அது உறைக்கவே இல்லை. அக்காவுக்கும் எனக்கும் ஒவ்வொரு தடவையும் பள்ளத்தில் இறங்கிக் கிணற்றிலிருந்து ஏறுகிற வேலை. இடுப்பு நன்றாக இருந்தவரைக்கும் கேலி செய்துகொண்டே ஏறி இறங்கினோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவளை அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள். வீட்டு வாசலில் வெளியே எடுக்க முடியவில்லை. அத்தான் ஒரு பக்கம், பக்கத்து வீட்டு லாரிக்காரர் ஒரு பக்கம், எதிர்வீட்டுக்காரர் காலைப் பிடிக்க, சோபாவை வீடு மாற்றுகிற மாதிரி தூக்கி வெளியே வைத்தார்கள். தெருவே நின்று பார்த்தது. அன்று சாயங்காலம் வரைக்கும் அக்கா வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. “நானா ஏறி நானா இறங்க முடியற வரைக்கும் எந்த வண்டியிலயும் கால் வைக்க மாட்டேன். இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது.”

சொல்லிவிட்டாள் சரி. ஆனால் பாப்பா இருக்கிறாளே! பாப்பா என்பது அவர்கள் மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், வயிற்றில் பிள்ளையோடு, மாதமும் நெருங்கிவிட்டது, இன்னும் எங்களுக்குப் பாப்பாதான். மாப்பிள்ளை கப்பலில் வேலை. பிரசவத்துக்கு வந்து சேரமுடியாது என்று ஆகிவிட்டது. வலி எடுக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன் என்று அக்கா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள், விழுவதற்கு முன்பே. ரயிலில் போகலாம் என்றால் அந்த ஊர் ஸ்டேஷனில் மேம்பாலப் படிக்கட்டு. பஸ் படி முழங்கால் உயரம். காரில்தான் போகவேண்டும். நடுவில் நான்கைந்து இடத்திலாவது இறங்கி நடக்கவேண்டும், காலை மடக்கியே வைத்திருக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

அதோடு பிசியோதெரபி பெண்ணின் உத்தரவு வேறு. உட்காரும்போது முழங்காலைவிட இடுப்பு கீழே போகக் கூடாது. போனால் வைத்த மூட்டு நழுவும். கையைப் பிடித்து யாரும் இழுக்கவும் கூடாது. எங்கள் காரில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும்! தலையணை போட்டுப் பார்த்தோம். அக்கா உயரத்துக்குத் தலை கூரையில் முட்டியது. கழுத்தை ஒடித்துக்கொண்டு நாள் பூராவும் எப்படிப் போவது? உயரமான வாடகை வண்டி ஒன்றை வரவழைத்தோம். அதில் காலைத் தூக்கி வைக்கவே முடியவில்லை. ஒன்று பாதாளம், இன்னொன்று மலை. டிரைவர் உதவி செய்ய வந்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மனுஷன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் அத்தான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். டேப்பை எடுத்து சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரைக்கும் அளந்தார். சீட்டுக்கும் தரைக்கும் அளந்தார். “வண்டியே குட்டையா தைச்சிருக்கு. உள்ள தலையணையை வச்சா என்ன ஆகும்? மொத்த வண்டியையும் தூக்கணும்” என்றார். வெட்டின ஸ்பிரிங்குக்குப் பதிலாக அசல் ஸ்பிரிங் கேட்டால், இந்த மாடலுக்கு இப்போது வருவதே இல்லை என்று எல்லாக் கடையிலும் கையை விரித்தார்கள். கடைசியில் பந்தயக்கார வாலிபர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கடையில் போய் நின்றார். சட்டையை இன் பண்ணி, கழுத்தில் டேப்போடு.

கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்து, மகனுக்கா என்று கேட்டாராம். எனக்குத்தான் என்றாராம் இவர். எவ்வளவு இறக்கணும் என்று அவர் கேட்க, ஏத்தணும் என்று இவர் சொல்ல, கடைக்காரர் இத்தனை வருஷத்தில் ஏற்றிக்கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று நாற்காலி போட்டுவிட்டார். ஏற்றவும் இறக்கவும் ஆகிற மாதிரி ஒரு செட் எடுத்துக் காட்டினார். ஷாக் அப்சார்பர் உடம்பு முழுக்க மரை வெட்டியிருக்கும். அதில் ஒரு வளையம், வளையத்தின் மேல் ஸ்பிரிங். வளையத்தை மேலே திருகினால் கார் ஏறும், கீழே திருகினால் இறங்கும். அவ்வளவுதான் சமாச்சாரம். அத்தான் அதைக் கையில் வாங்கித் திருகிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார், அந்தச் சந்தோஷத்தை இன்னும் நான் மறக்கவில்லை. “உள்ள துணி விட்டுத் தைச்ச மாதிரி இருக்கு. வேணும்னா பிரிச்சுக்கலாம், வேணாம்னா பிடிச்சுக்கலாம்.”

மாட்டித்தரச் சொல்லி ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், கையில் இருக்கிற வேலை முடிய அடுத்த மாதம் ஆகும் என்றார்கள். பாப்பாவின் வயிற்றில் இருப்பது அடுத்த மாதம் வரைக்கும் காத்திருக்குமா? அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, கிழிந்த பேண்ட், டார்ச் லைட்.

“சும்மா இப்படிப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதும்” என்றார். எந்த ஆண்பிள்ளையாவது இப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். கார் கொட்டகைக்குள் வெளிச்சம் கிடையாது. சக்கரத்தைக் கழற்றிய இடத்துக்குள் அவர் தலையை விட்டுக்கொள்வார். நான் அவர் தோளுக்கு மேலே டார்ச்சைப் பிடிக்கவேண்டும். எங்கே பிடித்தாலும் அது தப்பு. மேலே பிடித்தால் கீழே என்பார், கீழே பிடித்தால் கண்ணைக் குத்துகிறது என்பார். “டார்ச்சை நேரா பிடி” என்று அன்றைக்கு அவர் சொன்னதை எண்ணியிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். நானும் விடவில்லை. நேர் என்றால் எது நேர், எங்கே சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுங்கள் என்றேன். உண்மையாகவே கோடு போட்டுக் காட்டினார்!

முதலில் லாரிக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். அத்தான் ஜாக்கியை மட்டும் நம்பி வேலையை ஆரம்பித்திருந்தார். “அண்ணே, ஜாக்கி நழுவுச்சுன்னா உங்களை மடிச்சு வச்சிரும்” என்று திட்டிக்கொண்டே போய், இரும்பு ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்து காருக்கு அடியில் முட்டுக்கொடுத்தார். அத்தான் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். காரை இரண்டு கையாலும் ஆட்டி, அசையவில்லை என்று பார்த்த பிறகே தலையை உள்ளே நீட்டினார்.

கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டுக்கும் பக்கத்தில் தையல் சாக்பீஸால் அடையாளம் போட்டார். கழற்றியதைக் கீழே போடவில்லை. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் வரிசையாக வைத்தார். எண்ணெய்க் கையைத் துணியில் வைத்துவிட்டேன் என்று என்மேல் ஒரு கோபம். கார் வேலைக்கு வந்த இடத்தில் துணி அழுக்காகக் கூடாதாம்.

கீழ்ப்பக்கத்து போல்ட் ஒன்று துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டார், தட்டினார், தொங்கினார். அவர் எடைக்கு அது எங்கே அசையும்? சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று போனோம். ஊறட்டும் என்றார். வந்து பார்த்தாலும் அதே பிடிவாதம். எங்கள் குடும்பத்து போல்ட் போலிருக்கிறது என்று நான் சொன்னது வீட்டுக்குள் இருந்த அக்காவுக்குக் கேட்டுவிட்டது, அங்கிருந்தே ஒரு குரல் கொடுத்தாள். லாரிக்காரர் நீளமான குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனரின் வாலில் சொருகினார். அத்தானும் நானும் சேர்ந்து அழுத்தினோம். டக் என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உடையவில்லை, திரும்பியிருந்தது. அத்தான் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், நான் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டேன்.

ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுவதற்குள் பொழுது சாய்ந்தது. மற்ற மூன்றும் அடுத்தடுத்த நாள் கடை அடைத்துவிட்டு வந்து மாட்டினார். கை பழகிவிட்டது, வாய்தான் பழகவில்லை, கடைசிச் சக்கரத்திலும் டார்ச்சை நேராகத்தான் பிடிக்கச் சொன்னார்.

எவ்வளவு உயரம் ஏற்றுவது? அதற்குத்தான் அக்காவுக்கு அளவெடுத்தார். சமையலறையில் இருக்கும் மர நாற்காலியிலிருந்து அவள் தானாக எழுந்துவிடுகிறாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். “எங்க, ஒரு தடவை எழுந்திரு பார்க்கலாம்” என்றார். அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, ஒரே மூச்சில் எழுந்து நின்றாள். “போதுமா? இன்னொரு தடவை வேணுமா?” என்றாள். போதும் போதும் என்று பூரித்துப்போய் நாற்காலியை அளந்து, சமையலறைக் கதவு நிலையில் அந்த உயரத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டார். காரின் சீட் அந்தக் கோட்டுக்கு வரவேண்டும்.

வளையங்களைத் திருகினார், காரை இறக்கினார், தெருவை நாலு சுற்றுச் சுற்றிவந்தார். புதுத் துணியைத் துவைத்த பிறகு அளக்கவேண்டும், புது ஸ்பிரிங்கை ஓட்டிய பிறகு அளக்கவேண்டும் என்று எனக்குப் பாடம் வேறு. அளந்தார், மறுபடி திருகினார். வீல் அலைன்மென்ட் பார்க்கிற கடைக்குப் போய்ச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் சீட்டின் உயரம் நிலையில் போட்ட கோட்டுக்கு மயிரிழை பிசகவில்லை.

அக்காவை டிரையலுக்குக் கூப்பிட்டார். அந்த வார்த்தையைத்தான் சொன்னார். அக்கா கைத்தடியோடு வந்தாள். முதுகைக் காட்டி நின்று, மெல்ல உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தாள். தலை முட்டவில்லை, முழங்கால் சரியாக இருந்தது. அத்தான் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. காலை வெளியே வைத்து எழுந்திரு என்றார். அக்கா காலை வெளியே வைத்தாள், எழப் பார்த்தாள். எழவில்லை. இடுப்பு ஒரு விரற்கடை கிளம்பி, அப்படியே உட்கார்ந்தது. மறுபடி பார்த்தாள். மூன்றாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. லாரிக்காரர் ஓரடி எடுத்துவைத்தார். நான் அவரைக் கண்ணால் நிறுத்தினேன்.

ஒருவழியாகக் கதவையும் கைத்தடியையும் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஆனால் முகம் செத்துப்போயிருந்தது. “விடுங்க. நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நான் வரலைன்னு அவகிட்ட சொல்லிருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் அங்கே தனியாக, வயிற்றைத் தூக்கிக்கொண்டு, அம்மா வருகிறாள் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு விரற்கடை அம்மாவையும் மகளையும் பிரித்து வைக்கிறதே!

அத்தான் அக்கா உட்கார்ந்த சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். டேப்பை எடுத்து மறுபடி அளந்தார். நாற்காலியை அளந்தார். இரண்டும் ஒன்றுதான். அங்கே எழுந்தவள் இங்கே ஏன் எழவில்லை? எந்தப் பேண்ட்டுக்கும் அவர் இப்படி முழித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கீழே எட்டிப்பார்த்தேன். அக்கா அந்த மர நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் கதவு நிலையில் சாய்ந்து நின்று, “நேத்து பாப்பா போன்ல ரொம்ப நேரம் பேசினாளே, என்னவாம்?” என்று கேட்டார். அவ்வளவுதான், அக்கா ஆரம்பித்துவிட்டாள். அந்த டாக்டரம்மா இப்படிச் சொன்னாளாம், கால் இப்படி வீங்கியிருக்கிறதாம், தொட்டில் வாங்கிவிட்டாளாம், அதைப் பூட்டத் தெரியவில்லையாம். பேசிக்கொண்டே கெட்டிலை எடுக்க எழுந்தாள். இடதுகை தானாக மேஜைமேல் போய் ஊன்றியது. உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, கையால் உந்தி, நடுவில் ஒரு தடவை நின்று, மூச்சு வாங்கி, அப்புறம் நிமிர்ந்தாள். பேச்சு நிற்கவே இல்லை. தான் எப்படி எழுந்தோம் என்று அவளுக்கே தெரியாது.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கை கழுத்திலிருந்த டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கும் விளங்கியது. அன்றைக்கு அளவெடுக்கும்போது என் அக்கா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள்! தினமும் மேஜையைப் பிடித்து எழுகிறவள், டேப்பைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு கை ஊன்றாமல் எழுந்து காட்டியிருக்கிறாள். ஊரில் ஒருத்தன் வயிற்றையும் நம்பாத மனுஷன், வீட்டில் பெண்டாட்டியை நம்பிவிட்டார்.

தொட்டிலை நான் வந்து பூட்டித் தர்றேன்னு சொல்லு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனார். நான் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாமலே டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். நாலு வளையங்களையும் இரண்டு விரற்கடை மேலே ஏற்றினார். அதற்குமேல் திருகக் கூடாது என்று ஷாக் அப்சார்பரில் போட்டிருந்த கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. அலைன்மென்ட் கடைக்காரர், என்ன சார் அதற்குள் மறுபடியா என்று சிரித்தாராம். அப்புறம் கடைக்குப் போய் கனமான கான்வாஸ் துணியை மடித்து, நாலு வரி தையல் ஓட்டி, கை நுழைகிற மாதிரி ஒரு வார் தைத்துக்கொண்டுவந்தார். கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியில் அதைக் கட்டித் தொங்கவிட்டார். பிசியோதெரபி பெண்ணிடம் போனில் கேட்டுக்கொண்டார்: அடுத்தவர்கள் இழுக்கத்தான் கூடாது, அவளாகப் பிடித்து எழலாம்.

சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டார். வரமாட்டேன் என்றாள். அவர் கையைப் பிசைந்துகொண்டு, கடையில் வாடிக்கையாளர் முன்னால் நிற்கிற அதே பணிவோடு நின்றார்.

“தப்பு என்மேலதான். புது ஸ்பிரிங் இல்லையா, ஓட்டினதும் இறங்கிருச்சு. இப்ப வர்ற ஸ்பிரிங் எல்லாம் அப்படித்தான். கொஞ்சம் ஏத்திட்டேன், ஒரு தடவை வந்து பாரு.”

அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கைத்தடியை எடுத்தாள். போய் உட்கார்ந்தாள், காலை வெளியே வைத்தாள், வாரைப் பிடித்தாள், எழுந்தாள். யாரும் தொடவில்லை. நிமிர்ந்து நின்று, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, “பெட்டியை எடுத்து வைங்க” என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் போனோம். நான் பின்சீட்டில். வழியில் நிறுத்திய இடத்திலெல்லாம் அக்கா தானாக இறங்கினாள், நடந்தாள், ஏறினாள். ஒரு பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற ஆள் உதவிக்கு ஓடிவந்தான். வேண்டாம்ப்பா என்று ராஜகம்பீரமாகக் கையைக் காட்டினாள். பாப்பா வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். “ஓடாதேடி” என்று கத்திக்கொண்டே அக்கா எழுந்து நின்றுவிட்டாள். வாரைப் பிடித்தாளா இல்லையா என்று எனக்கே ஞாபகம் இல்லை.

நாங்கள் போன வாரத்திலேயே பேத்தி பிறந்தாள். வலி எடுத்தபோது அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். நான் இரண்டு நாள் கொஞ்சிவிட்டு ரயிலேறித் திரும்பிவிட்டேன். அவர்கள் அங்கேயே தங்கினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்து நடந்தே அக்காவின் இடுப்பு தேறியது என்று பாப்பா போனில் சொன்னாள். அப்பா வாரம் தவறாமல் காரைக் கழுவுகிறார், இந்தக் காருக்கு இவ்வளவு உபசாரம் தேவையா என்றும் சொன்னாள். எனக்கு உடனே சந்தேகம் தட்டியது, வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்த சொற்பச் சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

மாப்பிள்ளை கப்பலிலிருந்து வந்து சேர்ந்த பிறகு இவர்கள் கிளம்பினார்கள். கொட்டகைக்குள் கார் வந்து நின்றபோது மத்தியானம். அக்கா கதவைத் திறந்து, பேத்தி கதையைச் சொல்லிக்கொண்டே இறங்கி வந்தாள். வார் தொங்கியபடியே தொங்கியது. அவள் கை அதன் பக்கம் போகவே இல்லை.

அத்தான் டேப்பை எடுத்து சீட்டின் உயரத்தை அளந்தார். டேப்பில் விரலை வைத்தபடியே சமையலறைக்குப் போய், கதவு நிலையில் வைத்துப் பார்த்தார். சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. வீட்டை ஒட்டடை அடித்தபோதெல்லாம் அதை மட்டும் நான் துடைக்கவில்லை. டேப்பு சரியாகக் கோட்டில் நின்றது. இவர் கார் கழுவிய லட்சணம் இதுதான்! வாரத்துக்கு ஒரு மரையாக, அவளுக்குத் தெரியாமல் இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார். கார் இறங்கியது அவளுக்குத் தெரியவில்லை என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

அக்கா பின்னாலேயே வந்து நின்றிருந்தாள்.

“நான் அன்னைக்கு எழுந்து காட்டின அளவுதானே?” என்றாள்.

அத்தான் திரும்பினார்.

“ஸ்பிரிங் இறங்கிருச்சாம். இத்தனை வருஷமா உங்க கல்லாவுல உக்காந்திருக்கேன். துணி சுருங்கிருச்சுன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் நிறைந்திருந்தது. “அன்னைக்கு மட்டும் உனக்கு முடியலைன்னு நீங்க வாய்விட்டுச் சொல்லியிருந்தீங்கன்னா, சத்தியமா நான் வந்திருக்க மாட்டேன்.”

அத்தானுக்கு மூக்கு சிவந்துவிட்டது. டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். பிறகு அவசர அவசரமாகக் கொட்டகைக்குப் போய், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, தலையை மட்கார்டுக்குள் விட்டுக்கொண்டார். இந்த வளையத்தை ஒரு தடவை பார்க்கணும், அந்த டார்ச்சைக் கொண்டா என்று உள்ளேயிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

பார்க்க அங்கே ஒன்றுமில்லை. நான் கொண்டுபோய்ப் பிடித்தேன். அவர் தோள் கொஞ்ச நேரம் குலுங்கியது. டார்ச்சில் பேட்டரி தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. நேராகப் பிடி என்று அவர் அன்றைக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.